நத்தை பொறுக்கும் பாத்திக்கு ஒரு பலகை வேலி

தம்பி,

நேற்று போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். நிவேதாவின் அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை நம் வீட்டைப் பார்க்க மே மாதம் வருகிறார்கள் என்பது ஒன்று. அவர்கள் தங்குவதற்கு நம் பக்கத்து லாட்ஜிலேயே பால்கனி வைத்த அறையைப் பதிவு செய்துவிட்டேன் என்பது இன்னொன்று. முதல் விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். இரண்டாவதைக் கேட்டதும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வேலிக்கு அருகிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கோபத்தில் பேச்சு வரவில்லை. வகுப்பிலும் எனக்கு அப்படித்தான். அதிகக் கோபம் வந்தால் பேசாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்துவிடுவேன். இப்போதும் அதையே செய்கிறேன்.

நீ பேசியது அடுப்படியில் இருந்த உன் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. நான் உள்ளே போனதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வரட்டும். நீங்க இருந்து பாத்துக்கோங்க. நான் வடக்கே ரங்கத் ஊருக்கு, அக்கா வீட்டுக்குப் போயிடுறேன்" என்றாள். சம்பந்தி வீட்டார் முதல்முறையாக வரும்போது வீட்டுக்காரி இல்லாமல் எப்படி என்று கேட்டேன். "காய்ச்சல்னு சொல்லுங்க. ரங்கத்துல போயி எதுக்குக் காய்ச்சலா படுத்திருக்கான்னு கேட்டா, அக்காவுக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துருங்க, அப்புறம் லீவுக்கு சீட்டுக் கெடைக்காது" என்றாள். சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை. நான் சிரிக்கவும் இல்லை. ஆக, இப்போதைய நிலைமை இதுதான்: உன் மாமனாரும் மாமியாரும் நம் வாசலில் வந்து இறங்கும்போது உன் அம்மா அங்கே நிற்கமாட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். எனக்கும் தெரியும் என்றுதான் இன்று காலைவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் நம் தீவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் விடிந்ததும் செய்யும் முதல் வேலையை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தைகள் ராத்திரி முழுக்க மேய்ந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எங்காவது போய் ஒளிந்துகொள்ளும். அதற்குள் பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போட்டுவிடவேண்டும். ஒருநாள் விட்டாலும் கீரைப் பாத்தியில் காம்புதான் மிஞ்சும். உன் அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறுகையில் பழைய இடுக்கியுமாகப் போவாள். போகிறவள் சும்மா போகமாட்டாள். ஒவ்வொரு நத்தையிடமும் நின்று பேசுவாள். போன அக்டோபர் பூஜா விடுமுறையில் பக்கத்து லாட்ஜின் மாடியில் தங்கியிருந்த யாரோ ஒருவன் அதைப் பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தான். "ஏன்டா தடியா, நேத்துத்தானே உங்க அண்ணன வாளியில போட்டேன், நீ துக்கம் விசாரிக்க வந்தியா? கீரைய உங்கப்பனா நட்டான்? சலோ, சலோ, ஏறு வாளியில!" அவள் குனிந்து நிமிர்வதை எல்லாம் எடுத்து, அதற்கு ஒரு குத்துப்பாட்டு மெட்டையும் ஒட்டி, ஊருக்கே விட்டுவிட்டான். அடுத்த வாரம் டாலிகஞ்ச் கடையில் உப்பு வாங்கப் போனவளிடம், பாக்கெட்டை எடுத்து நீட்டியபடியே, "கோங்கே கே லியே, ஆன்ட்டி?" என்று கடைக்காரர் கேட்டாராம். நத்தைக்குத்தானே என்று கேட்டிருக்கிறார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவள் உப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றோடு தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். கொல்லைப் படிவரை வருவாள், துணி எடுப்பாள், உள்ளே போய்விடுவாள்.

அந்த வீடியோவை நம் குடும்பக் குழுவில் முதலில் போட்டது நீ. "எங்க அம்மா வைரல்" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாய். நிச்சயம் முடிந்த கையோடு நிவேதா வீட்டாரையும் நீதான் அந்தக் குழுவில் சேர்த்திருந்தாய். நீ பெருமையாகத்தான் போட்டாய் என்று உன் அம்மாவிடம் உனக்காக நான் வாதாடினேன். அப்புறம் நீயே கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அம்மா, இதுல என்ன இருக்கு? நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. உனக்கு எவ்வளவு லைக் தெரியுமா?" என்றாய். அவள் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நீ சாப்பிட்டேன் என்றாய். பேச்சு அதோடு முடிந்தது.

பார்ப்பதால் வந்த வினை, எனவே பார்வையை மறைத்தால் போதும் என்று நான் முடிவு கட்டினேன். கணக்கு வாத்தியார் வேறு எப்படி யோசிப்பான்? தச்சர்கள் எல்லாரும் சீசனுக்கு முன் லாட்ஜ் வேலைகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தகரம் அடிக்கலாம் என்றால், மழை பெய்யும்போது அந்தச் சத்தம் உன் அம்மாவுக்கு ஆகாது. தென்னைமட்டை முடைந்து கட்டினால் ஒரு மழைக்காலம்தான். சரி, மரப்பலகையில் நானே அடிக்கிறேன் என்று இறங்கினேன். லாட்ஜ் முதலாளி பிஸ்வாஸ்தாவிடம் போய்ப் பால்கனிக்கு ஒரு தட்டியாவது கட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். எனக்கு டீ கொடுத்துவிட்டு, "அரே மாஸ்டர்ஜி, பாபிஜி தோ ஹீரோயின் பன் கயீ! கெஸ்ட் லோக் வந்ததும் உங்க வீடு எதுன்னுதான் கேக்கறாங்க" என்றார். உன் அம்மா கதாநாயகி ஆகிவிட்டாளாம்; இதை அவர் எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துச் சொன்னார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வேலியை எல்லையில் போட்டால் மாடிப் பார்வையை மறைக்க அது தென்னை உயரம் இருக்கவேண்டும். இதை நீ ஒன்பதாம் வகுப்பில் படித்திருக்கிறாய், வடிவொத்த முக்கோணம். வெயிலுக்குக் குடை பிடிக்கிறோம். சூரியனுக்குப் பக்கத்தில் போயா பிடிக்கிறோம்? தலைக்குப் பக்கத்தில் பிடிப்பதால்தான் ஒரு கை அகலத் துணி போதுமாக இருக்கிறது. அதேபோல் வேலியையும் பார்க்கிறவன் பக்கம் வைக்காமல், பார்க்கப்படுகிறவள் பக்கம் வைக்கவேண்டும். எனவே எல்லையை விட்டு உள்ளே தள்ளி, கீரைப் பாத்தியை ஒட்டி, என் தலைக்குமேல் ஒரு முழம் உயரத்துக்குப் போடுவது என்று கணக்கிட்டேன். கணக்கு சரி. ஆனால் நம் நிலத்தில் ஒரு கீற்று வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு பிஸ்வாஸ்தா மாடியிலிருந்து, "மாஸ்டர்ஜி, அந்த ஜமீன் துண்டை எனக்குக் கொடுத்துட்டீங்களா?" என்று கத்தினார். வீதியில் போனவர்கள் எனக்கும் அவருக்கும் எல்லைத் தகராறு என்றே முடிவுசெய்துவிட்டார்கள். யாருக்காவது முக்கோணம் வரைந்து காட்டி விளக்கலாம் என்றால், எதற்காக மறைக்கிறேன் என்று சொல்லவேண்டி வரும். அதைச் சொல்வதற்கு எனக்கு மனமில்லை.

இனி மரத்தின் கதை. இதை உனக்குப் பாடமாகவே சொல்கிறேன், நாளைக்கு நீயும் ஒரு வீட்டுக்குக் காவல் நிற்கப்போகிறவன். வேலிக் கால்களுக்குப் படாக் மரக்கட்டை வாங்கினேன். அதில் குறையில்லை. மண்ணுக்குள் போகும் பாகத்துக்குப் பழைய இன்ஜின் ஆயிலைக் கறுக்கக் கறுக்கப் பூசி, குழியின் அடியில் சரளைக்கல் போட்டு நிறுத்தினேன். கல்லில்லாமல் நட்டால் நம் களிமண்ணில் தண்ணீர் நின்று, கட்டை அடியில் மக்கிவிடும். நிலம் சரிவு என்பதால், பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்த்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. கம்பத்தில் கட்டிவிட்டு இந்த முனைக்கு ஓடிவந்தால் அந்த முனை அவிழ்ந்து விழும். ஓடியே இளைத்தேன். அப்போதெல்லாம் உன் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். இறங்கி வந்து பிடிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பலகையில்தான் கோட்டைவிட்டேன். அறுப்பு மில்லில் கழித்துப்போட்ட ஓரப்பலகைகள் கிடைத்தன. அன்றைக்குத்தான் அறுத்தவை. மழையில் கிடந்து, அழுத்தினால் தண்ணீர் கசியும்போல் இருந்தன. இடுக்கில்லாமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஒன்றோடொன்று நெருக்கி, முழங்காலால் முட்டுக்கொடுத்து அடித்தேன். அவசரத்தில் சாதாரண ஆணி. துருப்பிடிக்காத ஜி.ஐ. ஆணிக்காக இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கவேண்டும். ஒரே மாதத்தில் உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடித்து, ஒவ்வொரு தலையிலிருந்தும் கறுப்பாக ஒழுகியது. வேலி அழுததுபோல் ஆயிற்று. மழை நின்று தை, மாசி வெயில் அடித்ததும் பலகைகள் உலர்ந்து சுருங்கின. எல்லா இடுக்கிலும் விரல் நுழைந்தது. மறைப்பதற்குக் கட்டிய வேலியில் உச்சிமுதல் அடிவரை வரிவரியாக வெளிச்சம். உன் அம்மா ஜன்னலிலிருந்தே சொன்னாள்: "என்னாங்க, கதவுன்னா ஒரு சாவி ஓட்டதான் இருக்கும். நீங்க வேலி பூராவும்ல வச்சிருக்கீங்க!" பல மாதத்தில் அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றுதான். எனக்கு அவமானத்தில் கொஞ்சம், சந்தோஷத்தில் கொஞ்சம். பச்சைப் பலகையை நெருக்கி அடிக்காதே, அது உலர்ந்து ஒடுங்க இடம் விட்டு, இடுக்கின்மேல் இன்னொரு பலகையை ஏற்றி அடி. இதைக் கல்யாணத்துக்குச் சொல்லும் உவமை என்று நினைத்துக்கொள்ளாதே. பலகையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மறுபடி மில்லுக்குப் போய் ரீப்பர் என்கிற மெல்லிய சட்டங்களை அறுத்து வந்து, ஒவ்வொரு இடுக்கின்மேலும் அடிக்க ஆரம்பித்தேன். இந்தமுறை ஜி.ஐ. ஆணி. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. வேலிக்கும் எல்லைக்கும் நடுவில் நான் தியாகம் செய்த கீற்று நிலத்தில் வெயிலே படுவதில்லை. பலகையின் அடிப்பகுதி முழுக்க, பலாப்பழத்தைத் தொங்கவிட்டதுபோல் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் ஒளிய இடம் தேடி அலைந்தவற்றுக்கு நானே காலனி கட்டிக்கொடுத்திருக்கிறேன். நான் வாளியோடு போய்ப் பொறுக்குகிறேன். எனக்கு அவற்றிடம் பேச வராது. பாதியை விட்டுவிடுகிறேன். கீரை இல்லை, வெண்டை இல்லை, அவள் நட்ட மிளகாய்க் கன்றுகள் குச்சியாக நிற்கின்றன. பத்து வருஷமாகக் கடையில் கீரை வாங்காத வீட்டில் இப்போது கீரை வாங்குகிறோம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஏழாம் வகுப்பில் ஆண்டுவிழா மேடையில் இந்திக் கவிதையைப் பாதியில் மறந்துவிட்டு, அழுதுகொண்டே ஓடிவந்தாய். பையன்கள் அந்த வரியிலேயே உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாய். அதே பள்ளிக்கூடத்தில்தான் நானும் வேலை பார்த்தேன். பையன்கள் என்றால் அப்படித்தான், இதில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிரிக்கிறவனுக்கு அதுல ஒண்ணுமில்லதான். நீங்க யாரு பக்கம் நின்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். அப்புறம் உன்னோடு உட்கார்ந்து அந்தக் கவிதையை அவள் மனப்பாடம் செய்தாள். அவளுடைய இந்தியில்! நீ திருத்தத் திருத்த, தப்பும் தவறுமாக ஒவ்வொரு ராத்திரியும் உன்னிடம் ஒப்பித்தாள். நீ சிரித்தாய். அவள் உன்னைச் சிரிக்கவிட்டாள். ஒரு வாரத்தில் நீயாகவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அவள் உன்னிடம் ஒருமுறைகூட, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

நேற்று உன் போனுக்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. உன் மாமனார் வீட்டாரே அந்தப் பால்கனியில் வந்து நிற்கப்போகிறார்கள் என்றால் இன்னும் ஒரு இடுக்கு மிஞ்சக்கூடாது என்று, மீதமிருந்த ரீப்பர் எல்லாவற்றையும் இருட்டுவதற்குள் அடித்து முடித்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. இன்று காலை பாத்தி ஓரத்தில் உன் அம்மா உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டு, உச்சியில் தலைக்குப் பதிலாக ஒரு சொம்பைக் கவிழ்த்துவைத்தேன். லாட்ஜில் பெயின்ட் வேலை நடப்பதால் ஒரு வாரமாக அங்கே யாரும் தங்கவில்லை. பிஸ்வாஸ்தாவிடம் சொல்லிவிட்டு மாடியேறி, அந்தப் பால்கனியில் போய் நின்றேன். இடது கோடியில் நின்று பார்த்தேன், வலது கோடியில் நின்று பார்த்தேன். எக்கிப் பார்த்தேன். சொம்பு தெரியவில்லை. பாத்தியும் தெரியவில்லை. உன் அம்மா மட்டும் கொல்லைப் படியில் நிற்பது தெரிந்தது. "ஒண்ணும் தெரியல! இறங்கி வந்து சொம்பு பக்கத்துல நில்லு, பாக்குறேன்!" என்று கத்தினேன். பெயின்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், வேலிப் பக்கம் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

இறங்கி ஓடிவந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஏன் வரலை? ஒரு சுண்டுவிரல்கூடத் தெரியலைன்னு சொல்றேனே. அங்க இப்ப ஆளுமில்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வாரமா அங்க துணியே காயல."

"பின்னே என்ன?"

"என்னாங்க, நான் கட்சால் ரப்பர் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல வளந்தவ. மரத்துல பால் எடுத்துட்டு வந்து, பைப்படியில பாவாடைய ஏத்திக் கட்டிக்கிட்டு அம்புட்டு சனத்துக்கு நடுவுல குளிச்சவ. என்னைய யாரு பாத்தா என்ன? மேல நின்னு எடுத்தானே, அவன் நான் யாருன்னு தெரியாம சிரிச்சான். இவன், நான் பெத்தவன், தெரிஞ்சுதானே சிரிச்சான்?"

அரிசியை உலையில் போட்டாள்.

ஐந்து மாதம், தம்பி. மழையில் குழி தோண்டி, வெயிலில் பலகை அடித்து, இடுக்கை அடைத்து, நத்தைக்குக் குடியிருப்பும் கட்டியிருக்கிறேன். இதை ஐப்பசியிலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று அவளிடம் கேட்டேன். "நீங்க வேலிய கேட்டீங்களே தவிர என்னைய எங்க கேட்டீங்க?" என்றாள். வேலி எப்படியும் பயன்படும் அப்பா, வீணாகாது என்று எனக்கு ஆறுதல் சொல்லாதே. வேலியைப் பற்றிய பேச்சு உன்னிடமிருந்து எனக்கு வேண்டாம். மாடியில் நின்றவனுக்கு எதிரே பலகை அடிக்க என்னால் முடிந்தது. நீ அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவனோடு சேர்ந்து பார்த்தாய். அதற்கு எந்த இடத்தில் கால் நடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த லாட்ஜ் அறையை முதலில் ரத்து செய். உன் மாமனார் வீட்டார் நம் வீட்டில் உன் அறையில் தங்கட்டும். மெத்தையை வெயிலில் போட்டு வைக்கிறேன். குழுவில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதை நீ எடுத்துவிடுவாய் என்று தெரியும். ஆனால் எடுத்துவிட்டதை அவளுக்கு ஒரு செய்தியாக அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. அவள் அந்தக் குழுவைத் திறந்தே பல மாதமாகிறது. அவளைக் கூப்பிட்டுப் பேசு. என்ன பேசவேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். முப்பது வருஷம் பதில்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதியதற்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். நான் எழுதித் தந்ததை நீ படித்தால், இரண்டாவது வரியிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ விளையாட்டுக்குச் செய்தாய் என்று அவளுக்குத் தெரியும். அதைத் திரும்ப அவளுக்கு விளக்காதே.

பஸ் டிக்கெட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. நேற்று அவள் நீட்டிய ரூபாயை, போகும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்காமல் விட்டேன். நாளைக்கு மூட்டுவலி என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்ல என்னிடம் காரணமில்லை. அவளே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள், அவளைப் பற்றி உனக்குத் தெரியும்.

என் போனுக்குப் பண்ணாதே, அவளுடையதற்குப் பண்ணு. ராத்திரி வேண்டாம், சீக்கிரம் படுத்துவிடுகிறாள். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடுகிறது. அவள் எழுந்து, முகம் கழுவி, செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் கொல்லைப் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடலுக்கு அந்தப்பக்கம் உன் ஊரில் அப்போது இருட்டாகத்தான் இருக்கும். அலாரம் வைத்துக்கொள்.

அப்பா